யாழ்ப்பாணத்தில் ஒரு பேய்ப்பட விழா நிலைக்குமா?

உலகத்தில் ஆண்டுதோறும் நடக்கிற திகில் பட விழாக்கள் எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தன, அப்படி ஒன்றை யாழ்ப்பாணத்தில் தொடங்கினால் மூன்றாம் வருடத்தைத் தாண்டுமா என்று ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்டிருந்தார். குறும்படம் எடுக்கிற பெடியள் நாலைந்து பேர் சேர்ந்து யோசிக்கிறார்களாம். தாண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதில் எனக்கும் அந்தத் தம்பிக்கும் ஒத்துவராது. அவர் விருந்தினர் பட்டியலையும் படங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறார். நான் பார்ப்பது, போன வருடம் வந்த ஆள் இந்த வருடமும் வந்தாரா, வரும்போது இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாரா என்பதை. நின்று பிடித்த விழாக்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நின்றன.

எல்லோரும் முதலில் சொல்வது சிட்ஜஸ் விழாவை. ஸ்பெயினின் கத்தலோனியாவில், பார்சலோனாவிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கடற்கரைப் பட்டினம் அது. முப்பதாயிரம் பேர் அளவில் வாழ்கிற ஊர். யாழ்ப்பாண மாநகரத்தைவிடச் சிறியது. 1968இல், பிராங்கோவின் சர்வாதிகாரம் நடந்த காலத்திலேயே, கற்பனை, திகில் படங்களுக்கென்று ஒரு வாரத்தை அங்கே தொடங்கினார்கள். இப்போது அது ஒக்டோபரில் நடக்கிறது. கடலில் குளிக்க வருகிற கூட்டம் வடிந்து, ஹோட்டல்களில் அறை கிடைக்கிற மாதம். பெரிய ஹோட்டல் ஒன்றின் மண்டபமும், பிராடோ, ரெத்திரோ என்ற ஊர்ப் பழைய அரங்குகளும் விழாவின் திரைகள். படம் தொடங்குமுன் கிங் கொங் சின்னம் திரையில் வந்தால் கைதட்டுகிறார்கள். இரவில் தொடங்கி விடியும்வரை ஓடுகிற தொடர்காட்சிகள் உண்டு. தொண்ணூறுகளில் எல்லாவகைப் படங்களுக்கும் கதவைத் திறந்து, பொதுவான திரைப்பட விழாவாகப் பார்த்தார்கள். பிறகு திகிலுக்கும் கற்பனைக்கும்தான் திரும்பி வந்தார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திரும்பல்தான் அதைக் காப்பாற்றியது. பொதுவான விழா ஐரோப்பாவில் ஊருக்கு ஒன்று இருக்கிறது.

லண்டனின் ஃபிரைட்ஃபெஸ்ட் வேறு பாதையில் வந்தது. 2000ஆம் ஆண்டில், அலன் ஜோன்ஸ் என்ற விமர்சகரும் போல் மெக்கவோய், இயன் ராட்ரே என்ற இருவரும் சேர்ந்து, லெஸ்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிரின்ஸ் சார்ள்ஸ் என்ற சிறிய தியேட்டரில் தொடங்கினார்கள். ஓகஸ்ட் கடைசியில் வருகிற நீண்ட வார இறுதிதான் காலம். கூட்டம் கூடக்கூடச் சதுக்கத்தின் பெரிய தியேட்டர்களுக்கு மாறினார்கள். தியேட்டர் பலமுறை மாறியது, அந்த வார இறுதி மாறவில்லை. ஒரு நாளைக்கு ரிக்கெற் வாங்குகிறவரைவிட முழு விழாவுக்கும் பாஸ் வாங்குகிறவர்தான் அவர்களுக்கு முக்கியம். ஐந்து நாளும் பக்கத்து இருக்கையில் இருந்த ஆள் அடுத்த வருடம் சிநேகிதனாகி விடுகிறான். அப்புறம் படம் நல்லதோ கெட்டதோ, அவனைப் பார்க்கவாவது வருவார்கள்.

மொன்றியலில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே நடக்கிற ஃபன்டேசியா விழாவுக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். 1996இல் ஹொங்கொங், ஜப்பான் படங்களைக் காட்டத் தொடங்கிய விழா அது. மண்டபத்தில் வெளிச்சம் அணைந்ததும் கூட்டம் பூனை மாதிரி “மியாவ்” என்று கத்தும். பிரசல்ஸில் 1983இலிருந்து நடக்கிற விழா இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. படத்தில் யாராவது கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனால் சபையே “கதவு!” என்று குரல் கொடுக்கும். மேடைக்கு வருகிற விருந்தினரைப் பாட வைக்காமல் விடமாட்டார்கள். இதையெல்லாம் கேட்டால் எங்கள் ஊரில் கலரி ரிக்கெற்றில் படம் பார்த்த பெரியவர்களுக்கு ஒன்றும் புதிதாக இருக்காது. திகில் படம் கூட்டத்தோடு பார்க்க வேண்டிய சாமான். ஒருவர் கத்த, அடுத்தவர் சிரிக்க, அதற்குள் உண்மையாகவே பயம் வந்துவிடும். கைத்தொலைபேசியில் எல்லாப் படமும் கிடைக்கிற இந்தக் காலத்திலும் இந்த விழாக்கள் சாகாமல் இருப்பது அதனால்தான்.

கத்துகிற கூட்டத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. ஏறத்தாழ 15,000 டொலரில் ஒரு வீட்டுக்குள்ளேயே எடுத்த ‘பாராநோர்மல் அக்டிவிற்றி’ 2007இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ஸ்கிரீம்ஃபெஸ்ட் விழாவில்தான் முதலில் காட்டப்பட்டது. பெரிய ஸ்ரூடியோ ஒன்றின் கைக்குப் போய், 2009இல் பரவலாக வெளிவந்து, உலகம் முழுக்க 19 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. நட்சத்திரம் இல்லாமல், பெரிய செலவு இல்லாமல் ஒரு படம் ஆட்களைக் கதிரை நுனிக்குக் கொண்டுவர முடியும் என்பதை வேறு எந்த வகைப் படத்திலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. காசில்லாத ஊரில் திகில் படம் எடுப்பது புத்திசாலித்தனம் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

சரி, விழுந்த விழாக்களைப் பார்ப்போம். தம்பி கேட்காத விஷயம் இது, ஆனால் உங்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான்.

பிரான்சில் அவோரியாஸ் என்று பனிச்சறுக்கு விளையாட்டுக்காகவே கட்டிய ஒரு மலை ஊர். அதை உலகத்துக்குத் தெரியப்படுத்த 1973இல் கற்பனைப் படங்களுக்கு ஒரு விழா தொடங்கினார்கள். முதல் வருடப் பெரும்பரிசு, அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த ‘டூவல்’ படத்துக்கு. எவ்வளவு நல்ல கண்! ஆனாலும் ஊரின் விளம்பரத்துக்காக வந்த விழா, அந்த விளம்பரம் போதும் என்றபோது 1993இல் நின்றது. அடுத்த வருடமே ஜெரார்மே என்ற ஏரிக்கரைச் சிற்றூர் அதே மாதிரி விழாவைப் பொறுப்பெடுத்து இன்றுவரை நடத்துகிறது.

தென்கொரியாவின் புச்சோன் விழா 1997இல் நகரசபையின் காசில் தொடங்கியது. 2004 கடைசியில் நகரசபைக்கும் விழா இயக்குநருக்கும் முறுகி, அவரை விலக்கினார்கள். அடுத்த வருடம் கொரியத் திரைக்கலைஞர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள், விலகியவர்கள் சியோலில் மாற்று விழா ஒன்றையே வைத்தார்கள். புச்சோன் பிறகு எழும்பி, 2008இல் ஆசியத் திகில் படத் திட்டங்களுக்கு முதலீட்டாளரைத் தேடித் தருகிற சந்தை ஒன்றையும் தொடங்கியது. ஆனால் அந்த ஒரு வருடத்து அடி இலேசானதல்ல.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜப்பானின் யூபாரி. ஹொக்கைடோ தீவில் நிலக்கரிச் சுரங்கத்தால் வாழ்ந்த நகரம். சுரங்கங்கள் மூடப்பட, 1990இல் பனிக்காலத்தில் இந்தப் பட விழாவைத் தொடங்கினார்கள். லட்சத்துக்கு மேல் இருந்த சனம் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 2007இல் நகரசபையே கடனில் முறிந்தது, விழாவுக்குக் காசு இல்லை என்று கைவிரித்தார்கள். 2008இல் ஊர்ச்சனமே சேர்ந்து அதைத் திரும்ப நடத்தியது. சனம் இடம்பெயர்ந்து, வீடுகள் பூட்டிக் கிடந்த ஊரில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காசு ஒரே கையிலிருந்து வந்தால் அந்தக் கை மூடும் நாளில் விழாவும் மூடும். ஆகவே பெரிய அனுசரணையாளர் ஒருவரைத் தேடி அலைவதைவிட, வெளிநாட்டில் இருக்கிற உறவுகள், ஊர்க்கடைகள், பாஸ் விற்ற காசு என்று சிறு சிறு தொகையாகச் சேர்ப்பது நல்லது. பதாகையில் ஒருவரின் பெயரும் விழாவின் பெயரைவிடப் பெரிதாக வரக்கூடாது. இதில் இடம் கொடுக்காதீர்கள்.

இனி யாழ்ப்பாணம். வெறும் தரையில் நீங்கள் தொடங்கவில்லை. 2015இலிருந்து யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நடக்கிறது, அனோமா ராஜகருணா அதன் இயக்குநர். வெளிநாட்டுப் படத்தை உபதலைப்போடு இருந்து பார்க்கப் பழகிய ஒரு கூட்டத்தை அந்த விழா உருவாக்கியிருக்கிறது. அவர்களோடு போட்டி போடாதீர்கள், அவர்களிடம் போய்க் கேளுங்கள். படப்பிரதி வருவிப்பது, அனுமதி எடுப்பது, மண்டபம் பேசுவது எல்லாவற்றிலும் அனுபவம் அங்கே இருக்கிறது.

விடிய விடிய இருந்து பார்ப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. கோயில் திருவிழாவில் காத்தவராயன் கூத்தை விடியும்வரை பாயில் இருந்து பார்த்த சனம் இது. சிவராத்திரிக்குத் தியேட்டரில் இரவு முழுக்கப் படம் ஓடும். எண்பதுகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரும் பிடித்து, வளவுக்குள் ஒரே இரவில் மூன்று நாலு படம் போடுவார்கள். மூன்றாவது படம் எப்போதும் பேய்ப்படமாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் நித்திரையாகி விடுவார்கள் என்ற நினைப்பில். நித்திரையானதாக நடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் இப்போது ஐம்பது வயதுக்காரர். அவர்களும் உங்கள் பார்வையாளர், மாணவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

கதைக்கும் பஞ்சமில்லை. பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றுகிற கொத்தி, பனங்கூடலில் நிற்கிற முனி, சுடலைமாடன், சந்திக்குச் சந்தி காவல் நிற்கிற வைரவர், செய்வினை, சூனியம். ஆனாலும் போட்டிக்கு வருகிற உள்ளூர்க் குறும்படங்களில் பாதி, வெள்ளைச் சேலையும் விரித்த தலைமயிரும் இந்தியப் படத்துப் பின்னணி இசையுமாகத்தான் இருக்கும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். முதல் வருடம் அதையும் காட்டுங்கள். ஒரு பத்து நிமிடப் படத்துக்குப் பின்னால் இருபது பேர் இருப்பார்கள், அவர்களின் தாய் தகப்பன், சகோதரங்கள், வகுப்புச் சிநேகிதர் என்று மண்டபத்தில் ஒரு மூலை தானாக நிறையும். பக்கத்தில் ஓடிய வேறொரு படத்துக்குச் சபை எழுந்து கத்துவதைப் பார்த்தால், அடுத்த வருடம் அதே பெடியன் வேறு படத்தோடு வருவான். சபை சொல்லிக் கொடுப்பதை எந்த நடுவரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மேல்நாட்டு விழாக்களைப் பார்த்துச் செய்யவே கூடாது. சிட்ஜஸில் சனம் பிணவேடம் போட்டுத் தெருவில் ஊர்வலம் போகிறது, ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே விளம்பரத்துக்காக முகமூடி போட்ட ஒருவரை இரவில் ஒரு ஒழுங்கைக்குள் விட்டுப் பாருங்கள். 2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் திரிகிறார்கள் என்ற பேச்சில், கிறீஸ் பூதம் என்று நாடே நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. நாவாந்துறையில் சனத்துக்கும் படையினருக்கும் மோதல் வந்து, நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருட்டில் மறைந்து நிற்கிற உருவம் எங்கள் ஊரில் சும்மா விளையாட்டு அல்ல. படத்தேர்விலும் இதே கவனம் வேண்டும். ஆளைக் கடத்துகிற காட்சி, பதுங்குகுழி, குண்டுச் சத்தம் உள்ள படங்களை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சிலவேளை அவைதான் எங்களுக்கு மிகவும் தேவையான படங்கள். ஆனால் படத்தில் என்ன வரும் என்பதை ரிக்கெற்றிலும் வாசலிலும் தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். எழுந்து வெளியே போகிறவரை யாரும் பார்த்துச் சிரிக்காதபடி கடைசி வரிசைக் கதவை இலகுவாகத் திறக்கிற மாதிரி விடுங்கள்.

தணிக்கை பற்றியும் கேட்டிருந்தார். இலங்கையில் பகிரங்கமாகக் காட்டுகிற படத்துக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும், அந்த வேலை கொழும்பில்தான். விழா என்றால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2010இல் ‘ஒரு செர்பியப் படம்’ என்ற தலைப்புள்ள படத்தை வெட்டின்றிக் காட்ட வெஸ்ற்மின்ஸ்ரர் நகரசபை விடாததால் ஃபிரைட்ஃபெஸ்ட் அதை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்தது. அதே படத்தைக் காட்டியதற்காகச் சிட்ஜஸ் விழா இயக்குநர் ஏஞ்சல் சாலா மீது 2011இல் வழக்குப் போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய விழாக்களுக்கே இதுதான் நிலை. முதல் வருடம் அனுமதி சுலபமாகக் கிடைக்கக்கூடிய படங்களோடு நில்லுங்கள். அதிர்ச்சி கொடுத்துப் பெயர் எடுக்கிற விழாவுக்கு அடுத்த வருடம் மண்டபம் கிடைக்காது.

மண்டபம் என்றதும், திகில் படத்துக்கு இருட்டும் சத்தமும்தான் உயிர். ராஜா தியேட்டரும் மஜெஸ்ரிக்கும் படம் காட்டவென்றே இருப்பவை, அங்கே பகல் காட்சி நேரத்தைக் குறைந்த காசுக்குப் பேசலாம். கைலாசபதி கலையரங்கு, வீரசிங்கம் மண்டபம், 600 பேர் இருக்கக்கூடிய திருவள்ளுவர் கலாசார நிலைய அரங்கு எல்லாம் மேடை நிகழ்ச்சியை மனதில் வைத்துக் கட்டியவை. எந்த மண்டபமானாலும் பேசுமுன் ஒரு மத்தியானம் போய், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நடுவில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். யன்னல் திரைக்கு மேலால் வெயில் கசியும், கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் திரை வெளிறும், மின்விசிறி இரைச்சல் காதில் விழும். ஒரு பெண் இருட்டு விறாந்தையில் மெதுவாக நடக்கிற காட்சி இப்படியான மண்டபத்தில் வெறும் சாம்பல் துணியாகத்தான் தெரியும். அவள் மூச்சுச் சத்தம் மின்விசிறிக்குள் போய்விடும். கறுப்புத் துணிக்கும் இரண்டு பாரமான கதவுத் திரைக்கும் செலவழிக்கிற காசு, எந்த விருந்தினரின் விமான ரிக்கெற்றையும்விடப் பெறுமதி. கரண்ட் போனால் ஜெனரேற்றர் பிடிக்கும்வரை புரொஜெக்டரும் கணினியும் அணையாதபடி யுபிஎஸ் போடுங்கள். உச்சக்கட்டத்தில் படம் நின்று, திரும்பத் தொடங்க ஐந்து நிமிடம் ஆனால் அந்தப் பயத்தை யாரும் மீட்டுத் தரமுடியாது.

தியேட்டரில் போடுவதானால் படம் டிசிபி என்ற டிஜிற்றல் கோப்பு வடிவில் வரும். பூட்டோடு வந்தால் அதைத் திறக்கக் கேடிஎம் என்ற மின்சாவி ஒன்றை அனுப்புவார்கள். அந்தச் சாவி குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். நேரத்தை இலங்கை நேரத்தில் கேட்டு எழுதிவாங்கி, முதல் நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முழுநீளப் படங்களுக்குப் பெரும்பாலும் காட்சிக் கட்டணம் கேட்பார்கள், ஐரோப்பிய விநியோகஸ்தர் என்றால் சில நூறு யூரோ போகும். முதல் கடிதத்திலேயே உங்கள் மண்டபத்தின் அளவையும் ஊரின் நிலையையும் சொன்னால் குறைப்பவர்களும் உண்டு. குறும்படங்களுக்கு அநேகமாகக் கட்டணம் இல்லை, எட்டுப் பத்துச் சேர்த்தால் ஒன்றரை மணி நேரக் காட்சி ஒன்று தயார். உபதலைப்பு கட்டாயம் தமிழில் வேண்டும். திகில் படத்தில் பேச்சுக் குறைவு என்பதால் மொழிபெயர்ப்பு வேலை மற்றப் படங்களைவிடக் குறைவு. மாணவர் இரண்டு பேர் ஒரு கிழமையில் செய்துவிடுவார்கள்.

நடுச்சாமக் காட்சி வைக்கலாமா என்றால், முதலில் பஸ்ஸைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் எதில் போவது? மோட்டார் சைக்கிள் உள்ள பெடியள் மட்டும் வருகிற விழாவாக முடியும். பெண் பிள்ளைகள் வராத விழா இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காது, நின்றாலும் நான் வரமாட்டேன். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிக்கலாம். இரவுக் காட்சி வேண்டுமென்றால் சின்ன வான் இரண்டு பிடித்து, வழித்தடத்தையும் ரிக்கெற்றிலேயே அச்சடியுங்கள். மண்டபச் செலவுக்கு அடுத்ததாக இதைத்தான் நான் எழுதுவேன்.

காலம் தெரிவதிலும் ஊரை அறிந்து செய்ய வேண்டும். ஒக்டோபர் மேல்நாட்டுக்கு நல்ல மாதம், இங்கே மாரி தொடங்குகிற காலம், தகரக் கூரையில் மழை விழுந்தால் படத்தின் சத்தம் கேட்காது. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள், ஊரில் வேறு எதற்கும் இடமில்லை. திறந்தவெளித் திரை என்றால் சோளகக் காற்றுக்காலத்தில் நினைக்கவே வேண்டாம், திரை பாய்மரமாகி விடும். மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் வருகிற மாசி, பங்குனிதான் பொருத்தம். சிவராத்திரி இரவை மட்டும் விட்டுவிடுங்கள். விரதம் இருக்கிறவர்களோடு வீண் பிரச்சினை வேண்டாம்.

எத்தனை நாள் என்றும் கேட்டிருந்தார். ஒரு சனி, ஒரு ஞாயிறு. நாலு முழுநீளப் படம், இரண்டு குறும்படத் தொகுதி, அதில் ஒன்று முழுக்க எங்கள் ஆட்களுடையது. மூன்றாம் வருடம் பாஸ் எல்லாம் விழாவுக்கு முன்பே விற்று முடிந்தால் வெள்ளிக்கிழமை மாலையையும் சேருங்கள், அதற்கு முன் வேண்டாம். பெரிய விழாக்களின் கூட்டமைப்பு ஐரோப்பாவில் 1987இலிருந்து இருக்கிறது, மெலியஸ் என்ற பெயரில் பரிசும் கொடுக்கிறார்கள். அந்த மாதிரித் தொடர்புகள் ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. இப்போது அதற்குப் பதிலாக, வாசலில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். வந்தவரின் பெயர், ஊர், எந்தப் படம் பிடித்தது, தொலைபேசி இலக்கம் தர விருப்பமா என்பது மட்டும். அடுத்த வருடம் முதல் அழைப்பு அந்தக் கொப்பியில் உள்ளவர்களுக்குப் போகட்டும்.

அப்புறம் மண்டபக்காரரிடம் போகும்போது ஒரு வருடத்துக்கு மட்டும் தேதி கேட்காதீர்கள். அதே வார இறுதியை அடுத்த வருடத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள், முற்பணம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. இரண்டு தேதியையும் முதல் வருட நோட்டீஸிலேயே போடலாம்.